கேட்பதும் கூடிப் பேசுவதும்

ஒலிபரப்பு மக்களின் எண்ணத்தை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்க்கத் தொடங்கியது 1930களில். வானொலி அப்போது புதிது. ஐரோப்பிய சர்வாதிகாரிகளின் குரல் அதன் வழியே வீடுவீடாக நுழைந்துகொண்டிருந்தது. வானொலியில் எதைச் சொன்னாலும் மக்கள் அப்படியே நம்பிவிடுவார்கள் என்ற அச்சம் படித்தவர்களிடையே இருந்தது.

1940இல் அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தபோது, பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் 600 வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்தார்கள். பிரசாரத்தைக் கேட்டு அணி மாறியவர்கள் சொற்பம். பத்திரிகையையும் வானொலியையும்விடத் தெரிந்த மனிதரின் பேச்சுதான் அதிகம் எடுபட்டது. செய்தி முதலில் விவரமறிந்த சிலரை எட்டுகிறது, அவர்கள் வாய்வழியே மற்றவர்களுக்குப் போகிறது என்ற கருத்தை 1944இல் வெளியான தங்கள் நூலில் அவர்கள் முன்வைத்தார்கள். அது அன்றைக்கு ஓர் ஊகம்தான்.

வானொலியைக் கேட்பது மட்டும் போதுமா, கேட்டதைக் கூடிப் பேசவும் வேண்டுமா என்ற, இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியை இந்தியக் கிராமங்களில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு 1956இல் அமைந்தது. கனடாவில் 1941 முதல் நடந்துவந்த விவசாயிகளின் வானொலி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு, யுனெஸ்கோ உதவியுடன் அகில இந்திய வானொலி புனே நிலையத்திலிருந்து ஒரு தொடரை ஒலிபரப்பியது. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். வாரத்துக்கு இரண்டாக, பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள். ஊருக்கு ஒரு மன்றம். அதன் உறுப்பினர்கள் மாலையில் பொது வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அரை மணி நேரம் கேட்பார்கள். பிறகு கேட்டதைப் பற்றி விவாதிப்பார்கள். விவாதத்தில் எழுந்த கேள்விகள் நிலையத்துக்குப் போகும். பதில் வானொலியிலேயே வரும். ஒருவழிப் பாதையாக இருந்த கருவியை இருவழியாக்கிய இந்த ஏற்பாடுதான் திட்டத்தின் உயிர்.

பயனை மதிப்பிடும் பொறுப்பு பம்பாய் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு வந்தது. ஆய்வை நடத்தியவர் பால் நியூராத். வியன்னாவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியலாளர். அவர் மன்றம் இருந்த ஊர்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிடவில்லை. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என இன்னும் இரண்டு வகையைச் சேர்த்துக்கொண்டு, தொடருக்கு முன்னும் பின்னும் ஊர்மக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கச் செய்தார். மன்றக் கிராமங்களில் அறிவு வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அதற்கு அருகில்கூட வரவில்லை. வானொலியை வாங்கி வைத்துவிட்டாலே முன்னேற்றம் வந்துவிடும் என்று நம்பிய அதிகாரிகளுக்கு இது கசப்பான செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

முடிவை அப்படியே விழுங்கவும் தேவையில்லை. பத்து வாரம் என்பது ஒரு பயிர்ப் பருவத்துக்கே போதாது. வெளியூரிலிருந்து அமைப்பாளர்கள் வந்து விசாரித்துக்கொண்டே இருக்கும்போது எந்த ஊருக்கும் உற்சாகம் பிறக்கும். அவர்கள் போன பிறகு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 1959இல் திட்டம் நாடெங்கும் விரிந்தது. ஆனால் புனேயில் கிடைத்த அளவு கவனிப்பை ஆயிரக்கணக்கான ஊர்களுக்குத் தருவது எளிதல்ல. மலிவான டிரான்சிஸ்டர் வந்ததும், பொதுப் பெட்டியின் முன் கூடவேண்டிய தேவையும் குறைந்தது.

வானொலியின் செல்வாக்குக்குத் தமிழ்நாட்டில் இன்றும் நினைவுகூரப்படுவது 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 நெல். ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கிய குறுகிய காலப் பயிர் அது; குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைப் பற்றி விடாமல் பேசியது. விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஊடக ஆய்வாளர்கள் வானொலியின் ஆற்றலுக்கு உதாரணமாக இதைச் சொல்வதுண்டு. ஆனால் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வான மாவட்டம் தஞ்சை. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை சொல்லும் அலுவலர் எல்லாம் அந்த நெல்லைப் பற்றிய ஒலிபரப்புக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தன. புனேயில் செய்ததுபோல் வானொலி கேட்காத ஊரை ஒதுக்கிவைத்து ஒப்பிட வழியில்லாததால், அந்த நெல் பரவியதில் ஒலிபரப்பின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம்.