அப்பாவின் போனில் என் கணக்கு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பராமரிப்புக் கட்டண விவாதம் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் காண்டாக்ட்ஸ், காலண்டர் இரண்டையும் ஒன்றுபோல வைத்துக்கொள்வது எப்படி என்று செயலாளர் பேசச் சொன்னார். இதில் நான் கற்றுக்கொண்டது, நான் செய்த ஒரு தவறிலிருந்து.

அப்பாவுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கியபோது ஜிமெயில் கணக்கு கேட்டது. அவருக்குக் கணக்கு இல்லை. அவசரத்தில் என்னுடையதையே போட்டுவிட்டேன். இங்கேயும் சில வீடுகளில் பெரியவர்கள் போனில் வெளிநாட்டுப் பிள்ளையின் கணக்குதான் இருக்கும். கை தூக்க வேண்டாம்!

என் அலுவலக ஆட்கள் எல்லோரும் அப்பா போனில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "யாருடா இவங்கல்லாம்?" என்று கேட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுமையாகத் தெரியாத பெயர்களையெல்லாம் அழித்துவிட்டார். திங்கட்கிழமை காலை என் போனிலும் அவர்கள் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை.

சிங்க் என்பது நகல் எடுத்து வைப்பது அல்ல. ஒரே நோட்டுப் புத்தகத்தை மூன்று பேர் வைத்திருப்பது மாதிரி. ஒருவர் அடித்தால் எல்லோருக்கும் அடிபடும்.

நல்லவேளை, 30 நாள் வரை வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸைத் திறந்து, பல்சக்கரக் குறியைத் தொட்டால் 'அன்டூ சேஞ்சஸ்' வரும். முழுப் பட்டியலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் நடுவில் சேர்த்த புது எண்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காலண்டர் விஷயம் இன்னும் மோசம். தினமும் காலை 10:30க்கு என் அலுவலக மீட்டிங் அப்பா போனில் மணி அடிக்கும். தொல்லை தாங்காமல் அவர் காலண்டர் சத்தத்தையே நிறுத்திவிட்டார். கண் டாக்டரிடம் போக வேண்டிய நாளையும் அதே காலண்டரில்தான் போட்டிருந்தேன். எனக்கும் அன்று அலுவலகத்தில் மறந்துபோனது. அடுத்த தேதிக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவர் பெயரிலேயே கணக்கு தொடங்கினோம். அவருடைய எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து என் கணக்கிலிருந்து 'எக்ஸ்போர்ட்' செய்து, அவருடையதில் 'இம்போர்ட்' செய்தேன். எண்ணிப் பார்த்து, சரியாக இருந்த பிறகே அவர் போனிலிருந்து என் கணக்கை எடுத்தேன். காலண்டரை மட்டும், கம்ப்யூட்டரில் 'ஷேர்' பகுதிக்குப் போய், நானும் எழுதும்படி அனுமதி கொடுக்க வைத்தேன். இப்போது நான் ஆஸ்பத்திரித் தேதியைப் போட்டால் அவருக்கும் தெரிகிறது. ஒன்று கவனியுங்கள்: தேதிதான் பகிரப்படும், எவ்வளவு நேரம் முன்னால் மணி அடிக்க வேண்டும் என்பதை அவரவர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"என் எண்கள் கம்ப்யூட்டரில் வரவே இல்லையே" என்று சிலர் கேட்டீர்கள். புது எண்ணைச் சேமிக்கும்போது எங்கே சேமிப்பது என்று மேலே காட்டும். அது 'டிவைஸ்' அல்லது 'சிம்' என்று இருந்தால் அந்த எண் போனைத் தாண்டாது. போன் தொலைந்தால் எண்ணும் சேர்ந்து போகும். ஜிமெயில் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் அக்கவுண்ட்' என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பு ஒன்றைப் பென் டிரைவிலும் வையுங்கள். டாக்டர், ஆம்புலன்ஸ், நம் செக்யூரிட்டி கேபின் எண்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் கம்யூனிட்டி ஹாலில் இருப்பேன். போனைக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள்.