டமாக்சிஃபெனும் கிரெய்க் ஜோர்டனும்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அறிக்கையில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’, அதாவது கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, என்று வந்தால், மருத்துவர்கள் பலருக்கும் எழுதித் தரும் மாத்திரை டமாக்சிஃபென். நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டு. சிலருக்குப் பத்து ஆண்டு. இந்த மருந்தோடு சேர்த்தே பேசப்படும் பெயர் வி. கிரெய்க் ஜோர்டன். மருந்தின் நன்மையைக் காட்டியதோடு நிற்காமல், அது என்ன கெடுதல் செய்யும் என்றும் தேடிப் போனவர் அவர். அதனால்தான் அவரை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டேன்.

மருந்தை உருவாக்கியவர் அவரல்லர். 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் அதைத் தயாரித்தார். ஆர்தர் வால்போலின் குழு அப்போது தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்து. எலிகளில் கருவைத் தடுத்த அதே பொருள், பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது. கருத்தடை மருந்தாக அதன் கதை அங்கேயே முடிந்தது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல், மார்பகப் புற்று முற்றிய 46 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1971-இல் வெளியிட்டார். பத்துப் பேருக்குப் பலன் தெரிந்தது. ஆனாலும் கீமோதெரபியின் மேல் எல்லோரும் நம்பிக்கை வைத்திருந்த காலம் அது; பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜோர்டன் 1947-இல் டெக்சாஸில் பிறந்து, இங்கிலாந்தின் செஷயரில் வளர்ந்தவர். லீட்ஸில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் இப்படிக் கருத்தடையில் தோற்றுப்போன மருந்துகளைத்தான். ஆய்வேட்டின் தேர்வாளராக வந்தவர் வால்போல். 1972-இல் அமெரிக்காவின் வூஸ்டர் ஆய்வு நிறுவனத்துக்குப் போன ஜோர்டன், வேதிப்பொருள் கொடுத்து மார்பகக் கட்டி வரவழைக்கும் எலிகளில் டமாக்சிஃபெனைச் சோதித்தார். லீட்ஸுக்குத் திரும்பிய பிறகும் அதே சோதனைகளைத் தொடர்ந்தார். கொஞ்ச காலம் மட்டும் மருந்து பெற்ற எலிகளுக்குக் கட்டி தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. விடாமல் பெற்ற எலிகளில் பெரும்பாலானவை தப்பின. மருந்து புற்றுச் செல்களைக் கொல்லவில்லை, அடக்கி வைத்திருக்கிறது. ஆகவே நீண்ட காலம் கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஓராண்டு கொடுத்தால் போதும் என்றிருந்த மருத்துவ உலகம் மெல்ல ஐந்து ஆண்டுக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில், ஐந்து ஆண்டு மாத்திரை பதினைந்து ஆண்டுக் கால மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பின்னர் உறுதியானது.

நான் மிகவும் மதிப்பது, ஜோர்டன் குழு 1988-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வெளியிட்ட ஒரு சோதனையை. ஆண்டுக்கணக்கில் பெண்கள் விழுங்கப்போகும் மாத்திரை உடம்பின் மற்ற உறுப்புகளில் என்ன செய்யும்? நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலியின் உடலில் ஒரு புறம் மனித மார்பகப் புற்று, மறுபுறம் மனிதக் கருப்பை உட்சவ்வுப் புற்று. எலி ஒன்று, மருந்தும் ஒன்றுதான். மார்பகக் கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. கருப்பைக் கட்டியோ வளர்ந்தது. பதினைந்து ஆண்டு உழைத்து நிலைநிறுத்திய மருந்துக்கு எதிரான சாட்சியத்தை ஜோர்டன் குழுவே வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கு ரத்தப்போக்கு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று இன்று எச்சரிப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே வழி வகுத்தன. நோயாளிகளே, உறவினர்களே, இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சோதனைக்கு முந்தைய ஆண்டு, மருந்து எலும்பில் என்ன செய்கிறது என்று ஜோர்டன் பார்த்திருந்தார். ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கும் மருந்து எலும்பைத் தேய்த்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சினைப்பை நீக்கிய எலிகளில் அது எலும்பைக் காத்தது! ஒரே மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குத் தடை, எலும்பிலும் கருப்பையிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை. ஏற்பியில் மருந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அந்தந்தத் திசுவில் எந்தத் துணைப் புரதங்கள் மிகுதியாக இருக்கின்றனவோ, அவற்றைப் பொறுத்து மரபணு இயங்கும் அல்லது அடங்கும். இந்தச் சிந்தனையிலிருந்து, மார்பகப் புற்றுக்குப் பயன்படாது என்று ஓரங்கட்டப்பட்ட ராலாக்சிஃபென் மீண்டும் எழுந்தது. 1997-இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது. பிறகு மார்பகப் புற்று அபாயத்தைக் குறைக்கவும். மார்பகப் புற்றிலிருந்து டமாக்சிஃபென் அளவுக்கு அது பாதுகாப்பதில்லை. ஆனால் கருப்பைக்கு அந்த ஆபத்து குறைவு.

கடைசிக் காலத்தில் ஹூஸ்டனில், எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், அவர் பற்றிக்கொண்டிருந்த கேள்வி இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்கணக்கில் மருந்துக்குப் பழகி எதிர்ப்புப் பெற்ற புற்றுச் செல்கள், முன்பு தமக்கு உணவாக இருந்த ஈஸ்ட்ரோஜனைக் கண்டால் மடிந்துபோவதுண்டு. எந்த நோயாளியின் கட்டி அப்படி மடியும், யாருடைய கட்டி அதையே தின்று வளரும் என்று பிரித்தறியும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். 2024 ஜூனில் காலமானார். அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் ஒருவராவது அதை எடுத்துக்கொண்டால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.