அறிவுக்கும் ஆலைக்கும் இடையே நிற்போர்



பல்கலைக்கழகம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவோர் இரு சாரார். கற்பிப்போர் ஒரு சாரார். கற்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் புறம்பாக மூன்றாவது சாரார் இன்று உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் அலுவலகம் அமைத்து அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் பாடஞ் சொல்வதில்லை, பரீட்சை எழுதுவதுமில்லை. ஆய்வுகூடத்திற் பிறந்த கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்று, அதனைப் பொருளாக உற்பத்தி செய்யவல்ல கொம்பனியைத் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதுவதே அவர்களின் தொழில். தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர்.

அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஏனெனில், அவர்கள் எழுதும் ஒப்பந்தத்தின் ஒரு வாசகம், எங்கோ ஒரு குடிசையில் நோயுற்றுக் கிடப்பவன் மருந்து பெறுவானா, பெறானா என்பதைத் தீர்மானிக்கின்றது.

இத்தகைய இடையாளர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அறிவு அனைவர்க்கும் பொது. அதனை அச்சிட்டு வெளியிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வர் அல்லவா என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதமே. ஆயினும், ஆய்வுக் கட்டுரை மருந்தாகாது. அதனை மருந்தாக்குதற்கு ஆலை வேண்டும், பரிசோதனை வேண்டும், ஆண்டுக்கணக்கான உழைப்பும் பெரும் பணமும் வேண்டும். இவற்றை ஒருங்கு சேர்ப்பார் ஒருவர் இல்லையேல் அரிய கண்டுபிடிப்பும் அலுமாரியிலே உறங்கும்.

கனடா நாட்டின் ரொறன்ரோ நகரைப் பாருங்கள். 1921ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்திலே இன்சுலின் கண்டறியப்பட்டது. அதுவரை நீரிழிவுற்ற பிள்ளைகள் மெலிந்து மடிவதைப் பெற்றோர் கைகட்டிப் பார்த்திருக்க நேர்ந்தது. கண்டுபிடித்தோராகிய பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் 1923இல் அதன் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். பொருள் வேண்டாதவர்க்கு ஆக்கவுரிமை எதற்கு? வேறொருவர் அதனைத் தமதாக்கி ஏகபோகம் நடத்தாதிருக்கவும், தரங்கெட்ட மருந்து விற்பனையாகாதிருக்கவுமே. பல்கலைக்கழகம் குழுவொன்றை அமைத்து, உற்பத்தியாளர்க்கு அனுமதி வழங்கி, மருந்தின் தரத்தையும் கண்காணித்தது. உரிமைப் பத்திரம் வேலியாகவும் அமையலாம், விலங்காகவும் அமையலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ரொறன்ரோவில் அது வேலியாயிற்று.

அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். ஹரி ஸ்ரீன்பொக் என்னும் பேராசிரியர், உணவுப் பொருள்மீது ஊதாக் கடந்த கதிரைப் பாய்ச்சினால் அதில் விற்றமின் டி உண்டாகும் எனக் கண்டார். பிள்ளைகளின் எலும்பை வளைத்து முடமாக்கும் றிக்கற்ஸ் நோயை ஒழிக்கும் வழி பிறந்தது. தனியார் கொம்பனி நீட்டிய பெரும் பணத்தைத் தமக்கென ஏலாது, வருவாய் யாவும் ஆராய்ச்சிக்கே சேர வேண்டும் என்றார் அவர். அவ்வெண்ணத்தின் வழியே 1925இல் விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. இத்துறைக்கு முன்னோடி அதுவே.

நோக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அம்மன்றம் மாஜரீன் உற்பத்தியாளர்க்கு இம்முறையைப் பயன்படுத்த அனுமதி மறுத்தது. விஸ்கொன்சின் பாற்பண்ணைகள் நிறைந்த மாநிலம். வெண்ணெய்க்குப் போட்டியாக மாஜரீன் வளர்வதை அங்குள்ளோர் விரும்பவில்லை. வெண்ணெய் வாங்க வகையற்ற ஏழையன்றோ மாஜரீன் உண்பவன்? எவனுடைய பிள்ளைக்கு விற்றமின் மிகத் தேவையோ, அவனுடைய உணவுக்கே அது மறுக்கப்பட்டது. 1940களின் நடுப்பகுதியில் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் சென்றபோது இவ்வநீதி அங்கு எடுத்துரைக்கப்பட்டது. அந்த ஆக்கவுரிமைகளும் செல்லாதவையெனத் தீர்க்கப்பட்டன. நல்லவர் கையிலிருக்கும் உரிமையும் பொதுமக்கள் கண்காணிப்பின்றி இருந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இத்தொழில் பெருகியது 1980இன் பின்னரே. அமெரிக்க அரசாங்கத்தின் கையில் அப்போது சுமார் 28,000 ஆக்கவுரிமைகள் குவிந்திருந்தன; அவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே ஆலைகளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தன என வாதிட்டனர் சிலர். அவ்வாண்டு நிறைவேறிய பேய்-டோல் சட்டம், அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையையும் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள இடமளித்தது. பொதுநலன் பாதிக்கப்படின் அரசு தலையிட்டுப் பிறர்க்கும் அனுமதி வழங்கலாம் என்றொரு பிரிவும் அதில் உண்டு. ஆனால், சட்டம் பிறந்த 1980 தொடக்கம் 2020 வரையான நாற்பது ஆண்டுகளில் அப்பிரிவின்கீழ் ஒரு தடவையேனும் அத்தகைய அனுமதி வழங்கப்படவில்லை!

எல்லா அலுவலரும் ஒரே வழியிற் சென்றனர் என்று நான் கூறவில்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் றைமர்ஸ் என்பவர் அலுவலகத்தை நிறுவியது 1970இல். கோஹன், போயர் என்னும் இருவர் 1973இல் கண்ட மரபணு ஒட்டும் முறைக்கு ஆக்கவுரிமை பெறத் தயங்கிய கோஹனை இணங்க வைத்தவர் அவரே. ஆயினும் அதனை ஒரே கொம்பனியிடம் அடகு வைக்கவில்லை. ஆண்டுக்கு 10,000 டொலர் செலுத்த முன்வந்த எக்கொம்பனிக்கும் அனுமதி கிடைத்தது. 468 கொம்பனிகள் பெற்றன. 1997இல் உரிமை முடிவடையுமுன் கிடைத்த தொகை ஏறத்தாழ 25 கோடி 50 இலட்சம் டொலர். கதவைத் திறந்து வைத்தவனுக்குப் பொருள் கிட்டாது என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

கதவை அடைத்ததன் விளைவையும் கூறுகின்றேன். ஸ்ரவுடீன் என்னும் மருந்து எயிட்ஸ் நோய்க்கு உதவும் என்று கண்டவர்கள் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பல்கலைக்கழகம் அதன் முழுவுரிமையையும் பிறிஸ்ரல்-மையர்ஸ் ஸ்குயிப் என்னும் ஒரே கொம்பனிக்கு வழங்கியது. 2001இல் தென்னாபிரிக்காவில் நோயாளர் மாண்டு கொண்டிருக்கையில், மலிவான பிரதியை வரவழைக்க இடமளியுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலிடம் வேண்டியது. உரிமையைக் கொடுத்துவிட்டோம், முடிவு கொம்பனியின் கையில் என்பதே முதலிற் கிடைத்த விடை. கையொப்பமிட்டவரின் கையே கட்டுண்டு கிடந்தது! மாணவர் கிளர்ந்தனர், மருந்தைக் கண்ட பேராசிரியர் வில்லியம் புறூசொப் அவர்கள் பக்கம் நின்றார். சில வாரங்களில் கொம்பனி பணிந்தது. தென்னாபிரிக்காவில் ஆக்கவுரிமையைக் காட்டி எவரையும் தடுப்பதில்லை என்று அறிவித்து விலையையும் குறைத்தது. 2007இல் யேல், ஸ்ரான்போர்ட் உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஒன்பது நெறிகளை வகுத்து, வறிய நாடுகளின் மருந்துத் தேவையை ஒப்பந்தத்தில் கருத்திற்கொள்ள வேண்டும் என அவற்றுள் சேர்த்தன. மாணவரின் குரல் சட்டத்தரணியின் மேசைவரை எட்டியது.

இவையெல்லாம் பிற நாட்டுச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கொவிட் தடுப்பூசியின் உரிமையை 2020இல் அஸ்ராசெனெகா கொம்பனிக்கு வழங்கியது. தொற்றுக் காலத்தில் இலாபம் வையோம் என்று கொம்பனி உடன்பட்டது. இந்தியாவின் சீரம் நிறுவனத்திற்கும் உற்பத்தி அனுமதி கிடைத்தது. அதன் பயனாக 2021 ஜனவரியில் நம் நாட்டுக்கு 5 இலட்சம் ஊசிகள் இந்தியாவின் அன்பளிப்பாக வந்தன. ஆனால் இந்தியாவில் நோய் மூண்டபோது ஏற்றுமதி நின்றது. முதலாம் ஊசி ஏற்றிய நம்மவர் பல இலட்சம் பேர் இரண்டாவதற்காகக் காத்துக் கிடந்தனர். நமக்குக் கிடைத்த நன்மையும் அந்த ஒப்பந்தத்தினால். உற்பத்தி சில ஆலைகளுக்குள் அடங்கியதால் நாம் பட்ட இடரும் அதே ஒப்பந்தத்தினால்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களிலும் இப்போது வணிக இணைப்புப் பிரிவுகள் அமைந்துள்ளன. அவற்றை நான் வரவேற்கின்றேன். ஆனால், இப்பல்கலைக்கழகங்களைத் தாங்கி நிற்பது எவர் பணம்? உழவனும் மீனவனும் தோட்டத் தொழிலாளியும் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் மறைந்திருக்கும் வரியன்றோ? ஆதலின், மூன்று நெறிகளைக் கோர நமக்கு உரிமை உண்டு.

முதலாவது, கேட்பார் பலர்க்கும் அனுமதி வழங்குவதே விதியாதல் வேண்டும். ஒருவர்க்கே வழங்குவது வேறு வழியில்லாதவிடத்து மட்டும், குறித்த காலத்திற்கு மட்டும் நிகழ வேண்டும். உரிமையைப் பெற்றுப் பயன்படுத்தாதவரிடமிருந்து அது மீள வேண்டும். இரண்டாவது, மருந்து, விதை போன்றவற்றின் ஒப்பந்தத்தில் வறியவர்க்கு எட்டும் விலை பற்றிய வாசகம் முதலிலேயே இடம்பெற வேண்டும். கையொப்பமிட்ட பின் கெஞ்சுவதிற் பயனில்லை என்பதை யேல் காட்டிவிட்டது. மூன்றாவது, ஒப்பந்தத்தின் சாரம் மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும்.

இவ்வலுவலரைப் பல்கலைக்கழகத்திற்குப் பணம் ஈட்டித் தரும் தரகராக மதிப்பது பெரும் பிழை. அமெரிக்காவிலேயே இத்தகைய அலுவலகங்களுட் பெரும்பாலானவை தம் செலவைக்கூட ஈடு செய்வதில்லை. எவ்வளவு ஈட்டினார் என்று கேளாது, எத்தனை பேரிடம் பயனைச் சேர்த்தார் என்று கேட்போம். அக்கேள்வியை ஒப்பந்தம் எழுதப்படும் முன்னரே கேட்போம்.