போல்காவும் பறையும்: ஒரு தாளம் யாரோட அடையாளம்?

இன்னைக்கு ரெண்டு தாளங்களைப் பத்திப் பேசலாம். ஒண்ணு ஐரோப்பாவுல செக் மக்களோட போல்கா. இன்னொண்ணு நம்ம பறை.

போல்கா 1830கள்ல பொஹீமியாவுல கிளம்பின ஆட்டம். ஜோடி ஜோடியா, வேகமா சுத்தி ஆடுறது. 1840கள்ல பாரிஸ்ல அது ஒரு பைத்தியமாவே பரவிச்சு. அப்போ செக் நிலம் ஆஸ்திரியப் பேரரசுக்குக் கீழ இருந்தது. ஆபீஸ், மேல்படிப்பு, நகரத்துப் பெரிய வீடுங்க, எல்லா இடத்துலயும் ஜெர்மன்தான். செக்ல பேசினா பட்டிக்காட்டான்னு நினைப்பாங்க. அந்த நிலையில 1840ல, செக் மொழியில பேசி ஆடுறதுக்குன்னே ப்ராக்ல ஒரு நடன விழா நடத்தினாங்க. கூட்டம் போட்டு அரசியல் பேச முடியாத காலத்துல, நடன மண்டபம்தான் அவங்களுக்கு மேடை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஸ்மெட்டானா. செக் தேசிய இசையோட தந்தைன்னு சொல்றாங்களே, அவர்தான். ஆனா அவர் படிச்சது ஜெர்மன்ல, டைரி எழுதினதும் ஜெர்மன்ல. நல்லா வளர்ந்த பிறகுதான் செக்கைச் சரியா எழுதப் பழகினார். மொழி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போல்கா வந்துடுச்சு, சின்ன வயசுலேயே பியானோவுக்குப் போல்கா எழுதியிருக்கார். 1866ல மேடையேறின அவரோட 'விற்கப்பட்ட மணமகள்' ஓபராவுல கிராமத்து ஜனங்க ஆடுறதும் போல்காதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். நான் பேசிட்டிருக்கிறது கீழ்பென்னாத்தூர்ல இருந்து. திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கு. இந்தப் பக்கத்துல நிறைய பேர் வாயில பறைன்னே வராது, மோளம்னுதான் வரும். அதுவும் பெரும்பாலும் சாவு மோளம்.

ஆனா தொல்காப்பியம் கருப்பொருள் பட்டியல்ல பறையையும் வச்சிருக்கு. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடின்னு திணைக்கு ஒரு பறை. பெருமைப்பட இவ்வளவு இருந்தும் ஏன் போல்கா மாதிரி நேரா மண்டபத்துக்குள்ள வர முடியல?

போல்கா ஆடினவங்களை யாரும் 'ஆடு'ன்னு கட்டாயப்படுத்தல. பறை அப்படி இல்ல. சாவு விழுந்தா வந்து அடிச்சே ஆகணும், அது அந்தச் சாதியோட கடமைன்னு ஊர் சொல்லுச்சு. தோல் மாட்டுத்தோல், அதனால தீட்டுன்னும் சொல்லுச்சு. இசையை மட்டும் தள்ளி வைக்கல, வாசிச்ச கையையும் சேர்த்துத் தள்ளி வச்சது. அதனாலதான் பக்கத்துத் தென்னாற்காட்டுல எல். இளையபெருமாள் மாதிரியான தலைவர்கள், பறையடிக்கிறதை விடுங்கன்னு இயக்கம் நடத்தினாங்க. அங்க பறையைக் கீழே போடுறதுதான் சுயமரியாதை.

அப்புறம், குறிப்பா 1990கள்ல இருந்து, தலித் கலை விழாக்கள் அதே பறையைத் திரும்பக் கையில எடுத்துச்சு. இது நம்ம ஆயுதம், நம்ம இசைன்னு. இந்த ரெண்டு முடிவுக்கும் நடுவுல முரண்பாடு இருக்கிற மாதிரி தெரியலாம். எனக்கு அப்படித் தோணல. கட்டாயத்துக்கு அடிக்க மாட்டேன்னு சொன்னவங்களாலதான், விரும்பினா அடிப்பேன்னும் சொல்ல முடியும்.

இன்னைக்குச் சென்னையில ஐடி கம்பெனிப் பசங்க வீக்கெண்ட் பறை வகுப்புக்குப் போறாங்க. அடிக்குச்சி எது, சுண்டுக்குச்சி எதுன்னு கத்துக்கிறாங்க, தீ மூட்டித் தோலைக் காய்ச்சுறாங்க. வெளிநாட்டுத் தமிழ் விழா மேடையில பறை முழங்குது. 2025ல மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. நீங்க வகுப்புக்குப் போறவரா இருந்தா, தாராளமா போங்க, அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

நெருடுற இடம் ஒண்ணுதான். மேடையில பறையைத் 'தமிழரின் ஆதி இசை'ன்னு அறிமுகப்படுத்தும்போது, பல நேரம் அதுல சாதிங்கிற வார்த்தையே வராது. ரெண்டாயிரம் வருஷப் பெருமை வந்துடும், நேத்து வரைக்கும் நடந்தது வராது. ஊர்ல அதே மோளத்தை அடிக்கிறவரை எத்தனை வீட்டுல திண்ணையில உட்காரச் சொல்றாங்க? வெயில்ல மைல் கணக்குல பிணத்துக்கு முன்னாடி ஆடிட்டுப் போறவருக்குக் கூலி பேசும்போது, அவரைக் கலைஞர்னு சொல்லி யாராவது பேசுறாங்களா?

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்க ஊர்ல பறைக்கு என்ன பேரு, யார் வாசிக்கிறாங்க, கல்யாணத்துக்கும் கூப்பிடுறாங்களா இல்ல சாவுக்கு மட்டுமான்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் சேர்த்துக் கேட்போம்.