கோவேறு கழுதையின் மேல் ஒரு மைல் ஆழம்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே கொலராடோ ஆறு நிலத்தை அறுத்துச் செல்லும் பெரும் பள்ளத்தைக் கிராண்ட் கன்யன் என்பர். அதன் நீளம் 277 மைல். அகலம் சிலவிடங்களில் 18 மைல். ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். விளிம்பில் நின்று நோக்குவோர்க்குப் பலவிடங்களில் ஆறு கண்ணுக்குத் தென்படுவதேயில்லை. விடுமுறைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுட் பெரும்பாலார் விளிம்பிலேயே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவர். தென்விளிம்பிலிருந்து பாதைவழியே ஆற்றங்கரைக்கு இறங்க எண்ணுவோர் ஒன்றில் தம் காலை நம்பவேண்டும். அன்றேல் கோவேறு கழுதையின் காலை நம்பவேண்டும்.

கழுதை என்னும் பெயரை வசைச்சொல்லாக வழங்குதல் உலக வழக்கு. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கோ பிடிவாதம் என்ற பழியும் சேர்ந்தே வந்துள்ளது. இப்பாதையில் அதனோடு பழகியோர் இப்பழியை ஒப்பார். அச்சம் தோன்றியவிடத்துக் குதிரை பாய்ந்து ஓட முற்படும். கோவேறு கழுதை நின்றுவிடும். நின்று, காதை நிமிர்த்தி, அடுத்த அடி வைக்கத் தக்க இடம் உண்டா என்று ஆராயும். ஒரு புறம் மலைச்சுவரும் மறுபுறம் வெறுவெளியுமாகிய ஒடுங்கிய பாதையிலே, ஓடுவதிலும் நிற்பதே நன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சவாரிக்கு முன் பிரயாணியைத் தராசில் நிறுப்பர். ஆற்றங்கரை செல்லும் சவாரிக்கு, உடுத்த உடையோடும் கொண்ட பொருளோடும் 200 இறாத்தலுக்கு மேற்பட்டவர் ஏற்கப்படார். ஆங்கிலம் நன்கு விளங்கவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. இது கழுதையின் பொருட்டன்று. ஆபத்து வேளையில் வழிகாட்டியின் கட்டளை அக்கணமே விளங்கவேண்டும் என்பதன் பொருட்டு. வரிசை பிரியாது முன்செல்லும் விலங்கை நெருங்கியே செல்க என்பது அக்கட்டளைகளுள் முதன்மையானது. பின்தங்கிய கழுதை திடீரெனக் குதித்தோடி வரிசையைப் பிடிக்க முயலும். மேலிருப்பவருக்கு அது இனிய அனுபவமாய் இராது.

புதியவரைத் திடுக்கிடச் செய்வது பிறிதொன்று. கழுதை பாதையின் உட்புறத்தை விட்டு வெளிவிளிம்பை ஒட்டியே நடக்கும். முதுகிற் கட்டிய சுமை மலைச்சுவரில் இடியாதிருத்தற்கு அவ்வாறு பழகிற்று என்பர். காரணம் எதுவாயினும், சவாரி செய்வோரின் ஒரு கால் பல நூறு அடிப் பள்ளத்தின்மேல் தொங்கியவண்ணமே செல்லும். கடிவாளத்தை இழுத்து விலங்கை உட்புறம் திருப்ப முயல்வோர் உளர். கழுதை அதனைப் பொருட்படுத்துவதில்லை. முதல் அரை மணி நேரத்துள் யாருடைய அறிவை யார் நம்பவேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

விளிம்பிலிருந்து ஆற்றங்கரைவரை இறக்கம் ஏறக்குறைய 4,400 அடி. விளிம்பிலுள்ள சுண்ணாம்புக்கல் 27 கோடி ஆண்டுப் பழைமை உடையது. அடியிலுள்ள கரும்பாறையோ 170 கோடி ஆண்டுகளையும் கடந்தது. மேலே பைன் மரக் குளிர்ச்சி. கீழே கோடையில் வெப்பம் 100 பாகை பரனைற்றுக்கு மேற்செல்லும் பாலை.

பிரைட் ஏஞ்சல் எனப்படும் இவ்வழி ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினரின் நடைபாதையாய் இருந்தது. பின்னர் ரால்ப் கமரன் என்பவர் அதைத் திருத்தி, சவாரி செய்வோரிடம் ஆளுக்கு ஒரு டொலர் சுங்கம் வாங்கினார். 1928 இல் பாதை தேசீயப் பூங்கா நிருவாகத்தின் கைக்கு வந்தது. வழியின் இடையே ஊற்று நீர் பாயும் பசுந்தோட்டம் ஒன்றுண்டு. அங்கே சோளமும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்த ஹவசுப்பாய் மக்களுட் கடைசியாய் எஞ்சியவரும் அதே 1928 இல் வெளியேற்றப்பட்டார். பிரயாணிகள் இளைப்பாற இடம் வேண்டியிருந்தது போலும்! 2022 இலேதான் அத்தோட்டத்துக்கு ஹவசுப்பாய் தோட்டம் என்ற பெயர் இடப்பட்டது.

1928 இலேயே ஆற்றின்மேல் தொங்குபாலமும் முடிந்தது. அதனைத் தாங்கும் உருக்கு வடங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையன. 500 அடிக்கு மேல் நீளமானவை. எந்தக் கழுதையின் முதுகும் அவற்றுக்கு இடங்கொடாது. ஹவசுப்பாய் ஆடவர் 42 பேர் ஒருவர்பின் ஒருவராய் நின்று, வடத்தைத் தோளிற் சுமந்து, வளைந்து வளைந்து இறங்கினர். தோட்டத்தை இழந்த குடியினரின் தோளிலேதான் பாலம் பள்ளத்தை அடைந்தது. இன்று அதன்மேற் செல்லும் பிரயாணி, அக்கரையில் 1922 இல் மேரி கோல்ற்றர் அமைத்த பான்ரம் விடுதியை எண்ணியே செல்கிறார். முழங்காலோ, இறங்கினால் நிமிர மறுக்கும் நிலையில் இருக்கும்.

திரும்பும் பயணம் ஏற்றம். கழுதைகள் அடிக்கடி நின்று மூச்சு வாங்கவேண்டும். அப்பொழுது வழிகாட்டி அவற்றைப் பள்ளத்தை நோக்கித் திருப்பி நிறுத்துவார். விளிம்பு எங்கே முடிகிறதென்பதை விலங்கு தன் கண்ணாற் காண்பது பின்காலாற் கண்டறிவதிலும் நன்று அல்லவா? பிரயாணிக்கு மட்டும் அந்நேரம் சற்று நீளும்.

மனிதரைச் சுமவாத கழுதைகளும் இவ்வழியில் உண்டு. விடுதிக்கு வேண்டிய உணவை இறக்கி, குப்பையையும் கடிதங்களையும் மேலே ஏற்றுபவை அவையே. விடுதியில் இட்ட கடிதத்தின் உறையிலே, பள்ளத்தின் அடியிலிருந்து கோவேறு கழுதை கொண்டுவந்தது என்று ஒரு முத்திரை குத்தப்பட்டிருக்கும்.