நடுக்கடலில் யாருடைய புகை?

(செய்யூரில் ஆற்றிய உரை)



உப்பளத்தில் வேலை செய்யும்போது உதட்டில் கரிப்புத் தட்டுகிறதல்லவா? அலை உடைந்து குமிழி வெடிக்கிறது. தெறித்த திவலை காற்றிலேயே காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடியாக மிதக்கிறது. மேகத்துக்கு வித்தாகும் பொடிகளில் இதுவும் ஒன்று. இத்தகைய பொடியைப் பற்றிக்கொண்டுதான் நீராவி துளியாகத் திரளுகிறது.

கரைக்கு வெகு தொலைவில், தெற்கே, காற்று சுத்தமானது. விரல்நுனியளவு காற்றில் சில நூறு பொடிகளே இருக்கும். வடக்கே அப்படியில்லை என்பதை 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்து மகாசமுத்திர ஆராய்ச்சி காட்டிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் கிரட்சனும் அதற்குத் தலைமை வகித்தார்கள். நமது சாகர் கன்யா கப்பலும் சென்றது. மாலத்தீவின் காசிதூ தீவில் கருவிகள் வைத்தார்கள்.

கண்டது என்ன? சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, பழுப்புப் புகைமூட்டம்! அந்த மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. நம் கரியும் கந்தகமும் அதோடு போகின்றன. கரித்தூள் வெயிலை விழுங்குகிறது. கடலுக்கு வெயில் குறைகிறது. ஆவியாகும் நீரும் குறைகிறது. வித்து மிதமிஞ்சிப் போனால் துளிகள் சிறுத்து, மழையாக விழத் திணறுகின்றன. வெயிலை நம்பி உப்பு விளைவிப்பவனுக்கும் மழையை நம்பி நாற்று நடுபவளுக்கும் இது அந்நிய விஷயமா?

2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதற்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் சூட்டியது. இந்தியாவில் எதிர்ப்பு எழவே, பின்னர் 'ஆசிய' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதே, அதை யாராவது 'ஐரோப்பிய மேகம்' என்றார்களா?

ஆனால் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. மாலத்தீவிலும் மராட்டிய மலையிலும் கரித்தூளைச் சோதித்த முடிவு 2009-ல் வெளியானது. ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ விறகு, வரட்டி, தழை எரிப்பதிலிருந்து வந்தது. மீதி டீசலும் நிலக்கரியும். இதைக் காட்டி, 'குற்றவாளி ஏழையின் அடுப்பே' என்கிறார்கள் சில கனவான்கள். அவள் விருப்பப்பட்டா சுள்ளி பொறுக்குகிறாள்? இதே செய்யூரில் 4000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டதும் ஏழையல்ல. உழவரும் மீனவரும் எதிர்த்தார்கள், அது எழவில்லை.

கரித்தூள் வானில் ஒன்றிரண்டு வாரமே தங்கும், மழை கழுவிவிடும். எரிப்பதை நிறுத்தினால் வானம் சீக்கிரமே தெளியும். மாலத்தீவுக்குப் போகுமுன் அந்தப் புகை, ஊதுகுழலோடு குந்தியிருப்பவளின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகிறது. அவள் கூலிக்கு எட்டும் விலையில் எரிவாயு சிலிண்டர் கொடு என்பதே நம் கோரிக்கை.