பூ சொன்னதும் குழு கேட்டதும்

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம கடலூர், சிதம்பரம் பக்கத்தில் கல்யாணமோ, நிலமோ, எதிலாவது மனசு தடுமாறினால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னாடி போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம்.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்குப் போன வருடம் சிதம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளை வந்தால் அனுப்பலாம் என்று நினைத்து அம்மா பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு வந்துவிட்டது. "சாமி வேணாம்னு சொல்லிடுச்சு" என்றார். பெண் சாப்பிடாமல் அழுதாள்.

வாரக் கூட்டத்தில் நாங்கள் சாமியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அக்கா, எதை நினைச்சுப் பயப்படுறீங்க?" என்று மட்டும் கேட்டோம். பீஸ் கட்டப் பணமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் நடந்து வரணும். இந்த இரண்டுதான் பயம். தீர்மானம் போட்டு உள்கடன் கொடுத்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு எழுதிப் போடச் சொன்னோம். அதே பஸ்ஸில் வரும் இரண்டு பெண்களோடு சேர்த்துவிட்டோம். இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

ஜப்பானிலும் கோயிலில் பலன் சீட்டு எடுக்கிறார்கள். 'ஒமிகுஜி' என்று பெயர். பெட்டியைக் குலுக்கினால் நம்பர் போட்ட குச்சி வரும். அந்த நம்பருக்கு உள்ள காகிதத்தில் பலன் இருக்கும். கெட்ட பலன் வந்தால் காகிதத்தை அங்கேயே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த நாட்டுச் சீட்டுகளில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் நிறுவனம் 1906-இல் தொடங்கியது. பெண்கள் முன்னேற்றத்துக்கான ஒரு பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும் என்றுதான் சீட்டு அச்சடித்தார்கள். பார்த்தீங்களா, சீட்டில் பலன் வரும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. சீட்டையே வருமானம் ஆக்கினார்கள்.

சீட்டுக் குலுக்கவும் இடம் உண்டு. ஒரே அளவு தேவை உள்ள இரண்டு பேரில் யாருக்கு முதல் கடன் என்றால் குலுக்கலாம், மனக்குறை வராது. ஆனால் பிள்ளை படிப்பு, வைத்தியம், கல்யாணம் இதெல்லாம் கேட்டு, விசாரித்து, கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியவை.

சாமி கும்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூக்கட்டும் முன்னால் உங்கள் பயத்தைக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்க நாங்க இருக்கோம்.